குங்குமம் வைத்த குழாய்

தாண்டவராயனுக்குப் பேய் பிசாசு என்றால் பயமில்லை. ஆயுத பூஜை என்றால்தான் பயம். பிற்காலத்தில் விழுப்புரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தபோதும், மனைவி அம்மணி குங்குமக் கிண்ணத்தோடு வந்தால், "கொழா பக்கம் மட்டும் போவாத!" என்று கத்துவார். தெருவே சிரிக்கும். சிரிக்கட்டுமே, பட்டவருக்கல்லவா தெரியும்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவர் திண்டிவனத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் குழாய் பற்றவைக்கும் வேலையில் இருந்தார். ஒரு கொட்டகையில் சைக்கிள் செய்தார்கள், அடுத்த கொட்டகையில் ஆகாய விமானம். விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் உட்காரலாம். குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. இரண்டு கொட்டகைக்கும் குழாய் பார்வைக்கு ஒன்றுதான். விமானக் குழாய் கெட்டி என்பதால் அதற்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள்.

அந்த வருஷம் பூஜைக்குக் குழாய்களையெல்லாம் ஒரே இடத்தில் அடுக்கி, ஒன்று விடாமல் குங்குமம் வைத்தார்கள். மறுநாள் தாண்டவராயன் சிவப்பைப் பார்த்து ஒன்றை எடுத்தார். இறக்கையைத் தாங்கும் இடத்தில் வைத்துப் பற்றவைத்தார். மேலே துணியும் போர்த்தியாயிற்று.

பத்து நாள் கழித்து, விமானம் முதல்முதலாகப் பறக்கப்போகிற காலை. சைக்கிள் கொட்டகையில் கூடவேலை செய்யும் பூமாலை ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணே இது, எவ்ளோ தேச்சாலும் குங்குமம் போவல?"

தாண்டவராயன் வாங்கி நகத்தால் சுரண்டினார். பெயிண்ட்! கெட்டிக் குழாய் இங்கே கிடக்கிறதென்றால் விமானத்துக்குள் இருப்பது எது? சொன்னால் வேலை போகும், அம்மணிக்கோ நிறைமாதம். சொல்லாவிட்டால் யூசுப் அலியின் உயிர் போகும். விமானம் ஓட்டுகிறவர் அவர்தான். கோட்டக்குப்பத்துக்காரர், தங்கமான மனுஷர்.

கையில் அகப்பட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த பொட்டலுக்கு மிதித்தார். எஞ்சின் சத்தம் தூரத்திலேயே கேட்டது. ஐயோ, கிளம்பிவிட்டாரே! சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, விமானத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"யோவ் தாண்டவராயா, சாவப்போறியா? தள்ளு!" என்று கத்தினார் யூசுப் அலி.

"எறங்குங்க பாய்! தப்பு பண்ணிட்டேன், ஜல்தியா எறங்குங்க!"

எஞ்சின் நின்றது. நாக்கு குழறக் குழற விஷயத்தைச் சொன்னார். யூசுப் அலி பேனாக்கத்தியால் துணியைக் கிழித்தார். விரலில் எச்சில் தொட்டுப் பொட்டைத் தேய்த்தார். விரல் சிவந்தது. குங்குமம்! பொட்டுக்குப் பக்கத்திலேயே குழாயில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"நல்லவேள பாய், நீங்க பறக்கறதுக்கு முன்னாடி வந்துட்டேன்" என்று தாண்டவராயன் அழுதேவிட்டார்.

யூசுப் அலி அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயந்திரமே பறந்துட்டேன்யா. மொதலாளிக்குத் தெரியாது. எம் பொண்ணு ரசியா, ஆகாசத்துல போவணும்னு ஒரே அழுவ. பின்னாடி ஒக்காரவச்சிக்கினு ரெண்டு சுத்து சுத்தனேன்."

போன வாரம் கம்பெனி வாசலில் தாண்டவராயன் கையில் முறுக்கைத் திணித்துவிட்டு ஓடிய ஆறு வயதுக் குழந்தை அது. யூசுப் அலி பேனாக்கத்தியை மடக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.