கை ஓங்கினால் எழுந்து நில்

எங்கள் பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பு என்று ஒன்று உண்டு. அது நடந்து யாரும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் அது. கணக்கு வாத்தியார் வந்து பின்னம் நடத்திவிட்டுப் போவார். நான் ஐந்தாவது படித்த வருஷம் புது டீச்சர் ஒருவர் மாற்றலாகி வந்து, "அந்த பீரியட் என்னோடது சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கணக்கு ஒழிந்ததே என்று எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

டீச்சர் ஒல்லி. குரல் மட்டும் மாட வீதி வரைக்கும் கேட்கும். வந்த வாரமே பெருக்குமாற்றைப் பையன்கள் கையில் கொடுத்தார், மணி அடிக்கிற வேலையைப் பெண்களுக்குக் கொடுத்தார். அதுவரை பெருக்குவது நாங்கள், மணி அடிப்பது அவர்கள். முதல் நாள் என் முறை. தொங்குகிற தண்டவாளத் துண்டை நான் ஆசை தீர அடித்ததில், பள்ளிக்கூடம் விட்டாச்சு என்று மூன்றாம் வகுப்பு மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டது. பையன்கள் பெருக்கிய லட்சணத்தைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே நல்லது.

ஒரு நாள் ரப்பர் தரவில்லை என்று ஒரு பையன் பக்கத்துப் பெண்ணை அறையக் கை ஓங்கினான். ஏன்டா என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்க வூட்ல நைனா இப்டித்தான் கேப்பாரு டீச்சர்" என்றான், அவன் பாட்டுக்கு. டீச்சர் அவனை அடிப்பார் என்று ஆவலாகக் காத்திருந்தோம், அடிக்கவில்லை. ஒரு சட்டம் போட்டார். யாராவது யார்மேலாவது கை ஓங்கினால், பார்க்கிற எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். திட்டக்கூடாது, திருப்பி அடிக்கக்கூடாது, சும்மா நிற்க வேண்டும். ஓங்கியவர் கையை இறக்கிவிட்டு, கையால் சொல்ல வந்ததை வாயால் சொல்ல வேண்டும். "ஆம்பளை, பொம்பளை, பெரியவங்க, சின்னவங்க, எல்லாருக்கும் இது ஒண்ணுதான்" என்றார். எங்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எழுந்து நிற்கிற ஆசையிலேயே சும்மா சும்மா கை ஓங்கிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீடு மந்தைவெளியில், ஒரே காம்பவுண்டுக்குள் இருந்த ஆறு போர்ஷன்களில் ஒன்று. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவரைக் கட்டிக்கொண்டு வந்த சித்தி. சித்தி என்றால் எனக்கு உயிர். பம்பு அடித்துக்கொண்டே பேய்க்கதை சொல்லுவாள். பல்லாங்குழியில், சின்னப் பெண்தானே என்று விட்டுக்கொடுக்கவே மாட்டாள். சித்தப்பாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை. நல்ல மனுஷர்தான், எனக்குத் தேன்மிட்டாய் எல்லாம் வாங்கி வருவார். ஆனால் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். அதுவும் சித்திமேல் மட்டும்தான் போகும். பட்டறை முதலாளிமேல் ஒரு நாளும் போனதில்லை.

சித்திக்கு அடி விழுகிற சத்தம் கேட்டால் அப்பா டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவார். அம்மா கதவைச் சாத்துவாள். சித்தி பையை எடுத்துக்கொண்டு சைதாப்பேட்டையில் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வருவாள். கடைசித் தடவை அவளுடைய அண்ணன் கொண்டுவந்து விட்டபோது, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சொன்னார்: "இன்னொரு வாட்டி என் தங்கச்சி மேல கை வெச்சா இட்டுக்கினு பூடுவேன். அப்பால அனுப்ப மாட்டேன்." சித்தி போய்விட்டால் நான் யாரோடு விளையாடுவேன்?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டி.வி.யில் படம். காம்பவுண்டிலேயே எங்கள் வீட்டில்தான் டி.வி. என்பதால் ஆறு போர்ஷன் பிள்ளைகளும் எங்கள் கூடத்தில் அடைந்து கிடந்தோம். பின்னால் நாற்காலியில் அப்பா. மூலையில் சித்தி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். படத்தை நிறுத்திச் செய்தி போட்ட நேரத்தில், சித்தப்பா ஒரு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார்.

"காலைலேர்ந்து சொல்லிக்கினே கீறேன், காதுல வுழல உனுக்கு?"

"வேலையா இருந்தேன், தோ, இப்ப..." என்று சித்தி எழுவதற்குள் அவர் கை மேலே போயிற்று.

நான் எழுந்து நின்றேன். யோசித்துச் செய்தேன் என்றால் பொய், பழக்க தோஷம். என் வகுப்பில் படிக்கிற எதிர் போர்ஷன் பையனும் எழுந்தான். பிறகு கூடமே எழுந்தது. பள்ளிக்கூடத்தையே பார்க்காத வாண்டுகள்கூட ஏதோ விளையாட்டு என்று எழுந்து நின்றன.

சித்தப்பாவின் கை அந்தரத்திலேயே நின்றது. "இன்னா எல்லாம் நின்னுக்கினு கீறீங்க? இங்க இன்னா வித்தையா காட்றாங்க?" என்று அதட்டினார். யாரும் உட்காரவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சுவரில் இருந்த காலண்டரை நேராக்குகிற மாதிரி பாவனை செய்தார். அது நேராகத்தான் இருந்தது.

எதிர் போர்ஷன் பையன் ரொம்ப மரியாதையாக, "மாமா, கையால சொல்ல வந்தத வாயால சொல்லணும்" என்றான்.

சித்தப்பா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "பட்டன்" என்றார் கடைசியில். "சட்டைல பட்டன் அந்துபோச்சு."

"பட்டனா!" என்றது ஒரு வாண்டு. அவ்வளவுதான், கூடமே கொல்லென்று சிரித்தது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. அடுப்பங்கரையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து எங்களோடு நின்றாள். எல்லாருக்கும் கடைசியாக அப்பா எழுந்தார். போய் டி.வி.யை அணைத்தார். ஐயோ, படம் இன்னும் பாதி இருக்கிறதே என்று நாங்கள் அலற, அவர் தம்பியைப் பார்த்து, "ஊசி நூல் டப்பாவுல கீது. நீயே தெச்சுக்கடா" என்றார். நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, லேத்தில் இரும்பைக் கடைகிற மனுஷர் ஒரு பட்டன் தைப்பதற்குள் விரலெல்லாம் குத்திக்கொண்டார்.

அதோடு சித்தப்பா மகானாகிவிட்டார் என்று கதைவிட மாட்டேன். கத்தல் இருந்தது. ஆனால் கத்துவதற்கு முன்னால், பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்துக்கொள்வார். அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். கை மேலே போய் மட்டும் அப்புறம் நான் பார்க்கவில்லை.

பட்டன் தைத்த மறுநாள் காலையில் சித்தி நல்ல புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குத் திக்கென்றது. சைதாப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டாள்! பையைத் தேடினேன், கையில் பை இல்லை. "வா பாப்பா, இன்னிக்கு உன்ன நான் இட்டுக்கினு போறேன்" என்றாள். பள்ளிக்கூட வாசலில், "உங்க டீச்சர் யாரு?" என்று கேட்டாள். காட்டினேன். நேராக அவர் எதிரில் போய் நின்றாள்.

"டீச்சர், நேத்து இவ எழுந்து நின்னா" என்றாள். உடனே அழ ஆரம்பித்துவிட்டாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "நீ உள்ள போம்மா" என்றார். பிரேயர் மணி அடித்த பிறகும் அவர் வரவில்லை. சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.

சித்தி என்மேல் புகார் சொல்லத்தான் வந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தது தப்புதானே. டீச்சர் முட்டி போடச் சொல்வார் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கா, வாசலில் நின்று அத்தனை பேர் பார்க்க சித்தி அப்படி அழும்படி நான் என்னதான் செய்துவிட்டேன் என்று கடைசிவரை பிடிபடவில்லை.