அழுத இயந்திரமும் நான் எழுதிய விமர்சனமும்

2009 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. எண்பதுகளில் வந்த தமிழ் அறிவியல் கதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். அதில் வேல்நம்பியின் கதை ஒன்றுக்கு அனுமதி வாங்க வேண்டும். கடிதம் போட்டே கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வேறு கணக்கும் இருந்தது.

வேல்நம்பி கடலூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். எஜமானியம்மா இறந்ததும் வீட்டுவேலை இயந்திரம் ஒன்று அழுவதாக 1986-ல் ஒரு கதை எழுதினார். அப்போது நான் சிதம்பரத்தில் மாணவன். "இயந்திரம் அழாது, அறிவியல் தெரியாதவர் ஏன் எழுத வேண்டும்?" என்று ஒரு சிற்றிதழில் கிழித்தேன். அதற்குப் பிறகு அவர் கதை எதுவும் வரவில்லை.

கோயம்பேட்டில் காலை ஐந்தரைக்கு பஸ். 185 கிலோமீட்டர், பத்து மணிக்குக் கடலூர். மஞ்சக்குப்பத்தில் அந்தக் கடை இப்போது செல்போன் கடை. அவர் தம்பி நடத்துகிறார். அண்ணன் சிதம்பரத்தில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்லி விலாசம் எழுதிக் கொடுத்தார். கதையைப் பற்றிக் கேட்டால் பேசமாட்டார் என்றும் எச்சரித்தார்.

பழைய மீட்டர்கேஜ் தடத்தை அகலப்பாதையாக மாற்றும் வேலை நடப்பதால் சிதம்பரத்துக்கு ரயில் இல்லை. படிக்கிற நாளில் அந்தச் சின்ன ரயிலில்தான் பழைய பத்திரிகை வாங்கக் கடலூர் வருவேன். திரும்புவதற்குள் பாதியைப் படித்துவிடுவேன். இப்போது பஸ்தான். 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன்.

வேல்நம்பிக்கு எழுபது வயதிருக்கும். அனுமதி கேட்டதும் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். அதே கதையை இத்தனை வருடமாகத் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறார். இதைப் போடுங்கள் என்றார். அங்கேயே படித்தேன். மின்சுற்றுகள், மின்னழுத்தம் எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. இயந்திரம் அழவில்லை. பாத்திரம் கழுவிவிட்டு அணைந்துவிடுகிறது. கதையில் உயிரே இல்லை.

"சார், அந்த விமர்சனத்தை எழுதுனவன் நான்தான்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும். தம்பி போன்ல உங்க பேரச் சொன்னான். அதனாலதான் நோட்ட எடுத்தாந்தேன். இப்ப சரியா இருக்கா, சொல்லுங்க."

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி. முடியவில்லை. பழசுதான் கதை, நான் எழுதியது தப்பு என்றேன்.

அவர் மகள் கொண்டுவந்த காபி ஆடை கட்டியது. பிறகு வேல்நம்பி, தன் அம்மா செத்த வாரத்தில் எழுதிய கதை அது என்றார். அப்போது தனக்கு அழுகை வரவில்லையாம்.

"பழசையே போடுங்க. ஆனா உங்க விமர்சனத்தையும் கூடவே போடணும். அதப் படிச்சிட்டு இருபத்திரண்டு வருசம் ஒருத்தன் உக்காந்து திருத்தியிருக்கான். அதுவும் தெரியட்டும்."

போட்டேன். என் வரிகளைப் பிழை திருத்தும்போது இரண்டு முறை எழுந்து வெளியே போய்விட்டேன்.

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு: கடலூர்–சிதம்பரம் பஸ் அடிக்கடி உண்டு, இரண்டு ஊரையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். போக வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கே கிளம்புங்கள். நான் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டேன். அவர் அத்தனை வருடமும் திருத்திக்கொண்டிருந்தார்.