மிட்டாய்க்குப் பின் ஊற்றுநீர்

பல் மருத்துவர் "கொப்பளிச்சுத் துப்புங்க" என்றதும் போடிமெட்டு மலைப்பாதை நினைவுக்கு வந்துவிட்டது.

பள்ளி விடுமுறையில், ஏலக்காய் எடுக்கப் போகும் அம்மாவோடு நானும் ஜீப்பில் ஏறிக்கொள்வேன். வளைவுகளில் குமட்டாமலிருக்க டிரைவர் எல்லோருக்கும் புளிப்பு மிட்டாய் தருவார். பாதி மலையில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற அவர் வண்டியை நிறுத்தும்போது, அம்மா என்னை இறக்கி, ஊற்றுநீரில் மூன்று முறை கொப்பளிக்க வைப்பாள்.

"வெரசா ஏறுத்தா, சோலிக்கு நேரமாச்சு" என்பார் டிரைவர்.

"இருங்கண்ணே. இனிப்பு பல்லுல ஒட்டிக் கெடந்தா அரிச்சிரும்."

ஜீப்பிலிருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

"ஐம்பது வயசாச்சு, ஒரு சொத்தைகூட இல்லையே" என்றார் மருத்துவர்.

அந்த முந்தானைக்குப் பின்னால் அம்மாவுக்கு மிஞ்சியிருந்தவை நான்கே பற்கள்.