திலகவதி அக்கா இரவல் கொடுத்த லினக்ஸ்

வத்தலக்குண்டில் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆரோக்கியம் போனில் கூப்பிட்டார். மேல்மலைக் கிராமமான பூண்டியில் கேரட் போடுகிறவர். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் குழுவுக்குப் பாட்டுக் கட்டுவதும் அவர்தான். "அண்ணே, லைப்ரரி அக்கா போயிட்டாங்கண்ணே. பழனியில, அவங்க அண்ணன் வீட்டுல. வெள்ளனே எந்திரிச்சு காப்பி குடிச்சிருக்காங்க. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவங்கதானாம்" என்றார். வேன்காரர் "இன்னும் எத்தனை பொட்டி கெடக்கு முதலாளி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

செண்பகனூர்ப் பக்கத்துக் கிளை நூலகத்தில், கம்பளிச் சட்டையும் குங்குமப் பொட்டுமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த திலகவதி அக்காவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கோயில் வேலை பார்க்கும் பழனிக் குடும்பத்துப் பெண். மாற்றலாகி மலைக்கு வந்து, குளிரைத் திட்டிக்கொண்டே இங்கேயே தங்கிவிட்டவர். நான் அவரை முதலில் பார்க்கப் போனது சண்டை போடத்தான்.

நான் மூஞ்சிக்கல்லில் பழைய கணினி விற்கிறேன். அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். எனக்குக் கடை வைத்துத் தர ஆளில்லை, நானே பிடித்து ஏறி வந்தேன். சி.டி. புழங்கிய அந்தக் காலத்தில் பெட்டி விற்பதைவிட அதில் விண்டோஸ் போட்டுத் தருவதிலும், வைரஸ் வந்தால் மறுபடி போட்டுத் தருவதிலும்தான் வரும்படி. ஒரு நாள் வாங்க வந்தவர் ஒருவர், "பெட்டி மட்டும் போதும்ணே. லைப்ரரியில ஏதோ லினக்ஸுன்னு சி.டி. ஓசியா தாராங்க" என்றார். நேரே நூலகத்துக்குப் போனேன்.

"என்னக்கா, எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்களாமே?"

"மெதுவாப் பேசுங்க முதலாளி, படிக்கிறாங்கல்ல. பொஸ்தகமும் ஓசியாத்தான் குடுக்கேன். பொஸ்தகக் கடைக்காரர் யாரும் சண்டைக்கு வரலையே?"

"பொஸ்தகம் ரிப்பேராகாது. இது ஆச்சுன்னா எங்கிட்டதான் வருவாங்க."

"வரட்டுமே. அப்ப உங்களுக்குச் சோலிதான? பெறகு எதுக்குச் சண்டை?"

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை ஓட்டும் லினக்ஸ் என்பது ஒன்றல்ல என்று அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. ஒரே காயை ஆளுக்கொரு விதமாகக் கூறு கட்டி வைப்பதுபோல, அதைப் பலர் பல விதமாகக் கோத்துத் தருகிறார்கள். எல்லாம் இலவசம், நகலெடுத்துக் கொடுப்பதும் சட்டப்படி சரி. இண்டர்நெட் வந்து சேராத மலைக் கிராமத்துக்காரருக்கு நூலகம்தான் வழி. ஆனால் எதைக் கொடுப்பது? அக்கா முதலில் தேர்ந்தெடுத்தது, சி.டி.யைப் போட்டால் அதிலிருந்தே ஓடும் வகை. கணினிக்குள் எதையும் ஏற்ற வேண்டாம், எதுவும் கெட்டுப்போகாது. பயப்படுகிறவருக்கு இதைவிட நல்லது கிடையாது என்று நானும்தான் நினைத்தேன்.

ஆரோக்கியம் என்னிடம் ஒரு பெட்டி வாங்கி, அக்காவிடம் அந்த சி.டி.யை இரவல் வாங்கிப் போனார். காலண்டர் தாளிலும் விதைப் பொட்டலத்தின் முதுகிலும் எழுதிவைத்திருந்த பாட்டுகளையெல்லாம் ஒரே மூச்சில் உட்கார்ந்து அடித்தார். முறையாகச் சேமித்தார், முறையாக அணைத்தார். 'கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனி இந்தக் குப்பை எதுக்கு' என்று தாள்களைக் கணப்பில் போட்டுக் குளிர்காய்ந்தார். மறுநாள் போட்டுப் பார்த்தால் ஒரு வரி இல்லை. அந்த வகை சி.டி., நாமாக வேறொரு இடத்தில் எழுதி வைக்கச் சொன்னாலொழிய, அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஒருவர், "ஓசிச் சி.டி. ஓசிப் புத்தியத்தான காட்டும்" என்றார். நூலகத்துக்குத் திருப்ப வந்தவர்கள் சி.டி.யைத் தொடக்கூடாததைத் தொட்டதுபோல மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். இனி நூலகத்தை நம்பி யாராவது எதையாவது வாங்கிப் போவார்களா என்ற கேள்வி அக்காவின் முகத்திலேயே தெரிந்தது.

ஆரோக்கியத்தைப் பார்க்க அக்கா பூண்டிக்கு பஸ் ஏறியபோது நானும் போனேன். பெட்டி என்னுடையது, பேர் கெடுவது எனக்கும்தான். வழியெல்லாம், 'தப்பு ஆரோக்கியத்தோடதுதான், தாளை எரிப்பாரா யாராவது' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அது மறக்கும்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. புதுசா ஆரம்பிக்கிறவருக்குன்னு ஒண்ணைப் பொறுக்கும்போது, எனக்குத் தெரிஞ்சதைக் கணக்குலயே சேத்திருக்கக்கூடாது."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், வாசகர்கள் போன பிறகு, அக்கா கூப்பிட்டதில் பாட்டுக் குழு முழுவதும் நூலகத்தில் உட்கார்ந்தது. ஆளாளுக்கு நினைவிருந்ததைப் பாட, அக்கா கணினியில் அடித்தார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அச்செடுத்தார். நடுவில் ஆரோக்கியம் எழுந்து, "ஏலே, எம் பாட்டை எனக்கே திருத்துறீங்களாலே? நான் இப்படியா கட்டுனேன்?" என்று கத்தினார். "நீ கட்டுனதைவிட இது நல்லாருக்குப்பா" என்று தபேலாக்காரர் சொல்ல, அக்கா சிரித்த சிரிப்பு வெளியே ரோட்டுக்குக் கேட்டிருக்கும். பாட்டுகள் திரும்பி வந்தன. அந்த வருடம் புதிதாகக் கட்டிய தாலாட்டு மட்டும் வரவில்லை. அதை ஆரோக்கியம் இன்னும் யாருக்கும் பாடிக் காட்டியிருக்கவில்லை.

அதன் பிறகு அக்கா தேர்ந்தெடுத்த விதமே வேறு. ஒவ்வொரு வகையையும் போட்டுப் பார்க்க, என் கடையிலிருந்து புதுசும் பழசுமாகப் பெட்டிகள் கேட்டார்.

"எப்பத் திருப்பித் தருவீங்க?"

"முடிஞ்சதும்."

"நடுவுல விலைக்கு ஆள் வந்தா?"

"கூட்டிட்டு வாங்க. அவரையும் பரீட்சைக்கு உக்கார வச்சிருவோம்."

கணினி தெரிந்த யாரையும் அவர் கேட்கவில்லை. பேப்பர் படிக்க வந்த எஸ்டேட் பெண்களையும், மழைக்கு ஒதுங்கிய ஓட்டுநர்களையும் உட்காரவைத்தார். தன் பெயரை அடிக்க வேண்டும், அணைக்க வேண்டும், மறுபடி போட்டால் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. அக்கா பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் இருப்பார். எனக்கோ வாய் துறுதுறுக்கும். "சும்மா இருங்க முதலாளி. வீட்டுல பக்கத்துல நீங்களா இருக்கப்போறீங்க?" என்பார்.

கொஞ்சம் புதிய பெட்டிகளுக்கு உபுண்டு என்ற வகை தேறியது, அதுவும் கணினிக்குள் ஏற்றித் தருவதாக இருந்தால் மட்டும். அதைத் தாங்காத பழசுகளுக்குப் பப்பி என்ற இன்னொரு வகை. அது சிறியது, வேகமானது. முதல்முறை அணைக்கும்போது 'சேமித்து வைக்கட்டுமா' என்று ஆங்கிலத்தில் கேட்கும். உட்கார்ந்தவர்கள் பயந்துபோய் வேண்டாம் என்பதையே அழுத்தினார்கள். அதனால் அந்தத் திரை எப்படி இருக்கும், எதை அழுத்த வேண்டும் என்று தமிழில் எழுதி ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒட்டினார். எத்தனையோ அழகான வகைகள் அலமாரியிலேயே நின்றுவிட்டன. "இது எவ்வளவு நல்லாருக்கு, ஏன் குடுக்கலை?" என்று கேட்டேன். "ஆரோக்கியத்துக்கிட்டப் போயி மறுபடி நிக்க எனக்குத் தெம்பில்லை தம்பி" என்றார். அன்றைக்குத்தான் முதலாளி என்பதை விட்டுத் தம்பி என்று கூப்பிட்டார்.

வியாபாரியாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நஷ்டம் வரவில்லை. பெட்டிக்கு நானும் சி.டி.க்கு நூலகமும் என்றானதில் மேல்மலையில் விற்பனை கூடியது. அதை மறைப்பதற்கில்லை.

அக்கா இறந்த வாரத்திலேயே பூண்டு போடும் பெண் ஒருவர் பெட்டி கேட்டுக் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். பெயரை அடிக்கச் சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். அணைக்கத் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். "சொல்லுங்கண்ணே, ஊமையாட்டம் இருக்கீங்க" என்றார். நான் சொல்லவில்லை. பேசியே பிழைத்தவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். நேரம் எடுத்துக்கொண்டு அவரே கண்டுபிடித்தார், அணைத்தார், மறுபடி போட்டார். பெயர் இருந்தது. திரையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கும் இருக்குமாண்ணே?"

"இருக்கும்ங்க" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, அந்தப் பதிலுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான்.