காந்தம் போன ஜெனரேட்டர்

கடந்த மாரியில், கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. காற்றும் மழையுமாக அடித்து ஓய்ந்தபோது வாவித் தண்ணீர் ரோட்டில் ஏறியிருந்தது, கரண்ட் போயிருந்தது. தெரு முழுக்க இருளத் தொடங்க, என்னிடம் மட்டும் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. வரிசையில் நின்றும் பெற்றோல் கிடைக்காத காலத்தில், பெற்றோலில் ஓடும் இயந்திரம் ஒன்றைத் தேடி வாங்கிய புத்திசாலி நான்.

என் மனைவி விஞ்ஞான ஆசிரியை. மூன்று வருடமாக மாலைதீவில், ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அந்தத் தீவுக்கே கரண்ட் கொடுப்பது ஒரு பெரிய ஜெனரேட்டர்தான். அது அவர் தங்கியிருக்கும் அறைக்குப் பின்பக்கம் இருக்கிறது. பின்னேரங்களில் நாங்கள் போனில் கதைக்கும்போது அதன் இரைச்சலும் கூடவே வரும். போனை வைத்ததும் இங்கே வீடு அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பயந்து, கதைக்க ஒன்றுமில்லாத நாட்களிலும் போனை வைக்காமல், இரைச்சலைக் கேட்டபடி சோறு தின்றிருக்கிறேன். அவர் ஏனென்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அந்தக் கிழமையோடு அவருடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்து வைப்பதா, ஊருக்குத் திரும்புவதா என்று என்னிடம் கேட்டார். நாலு புத்தகம் படித்த மனிதன் அல்லவா, "உன்ட விருப்பம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவைத்தேன். அன்றோடு என் நித்திரை போனது. கரண்ட் போன நாளுக்கு மறுநாள் காலை அவர் பதில் சொல்லியாக வேண்டும். அன்று பின்னேரம் அவர் அழைத்தால், "போதும் புள்ள, வந்திரு" என்று சொல்லிவிடுவதாக முடிவெடுத்தேன். கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்தேன். எந்தச் சொல்லை அழுத்துவது என்பதில்தான் எனக்கும் கண்ணாடிக்கும் கருத்து வேறுபாடு.

போனில் சார்ஜ் சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தது. ஜெனரேட்டரை முற்றத்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போய்க் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. தெருவே அதிரும் சத்தம். பல்ப் மட்டும் எரியவில்லை. பிளக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், கெட்ட வார்த்தையும் ஒன்றிரண்டு மாற்றிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கத்துது மச்சான். கரண்ட் கொழும்பால வருதாக்கும், கொஞ்சம் பொறுங்க."

அந்த நேரம் பார்த்து மனைவியின் அழைப்பு வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன். அவ்வளவு ஒத்திகை பார்த்த வாய், "ஜெனரேட்டர் ஓடுது, கரண்ட் வருதில்ல" என்றது.

அவர் சிரித்தார். கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்று கேட்டார். வாங்கிய புதிதில் ஓட்டியதுதான் என்றேன்.

"அதான். உள்ளுக்க காந்தம் சுத்தினாத்தான் செப்புக் கம்பியில கரண்ட் வரும். அந்தக் காந்தத்துக்கும் கரண்ட் வேணும். தொடக்கி விடுறதுக்கு, இரும்புல பழைய காந்தம் கொஞ்சம் மிச்சம் இரிக்கணும். கனநாள் சும்மா கிடந்தா அது போயிரும்."

"போனா?"

"வெளியால இருந்து கொஞ்சம் குடுக்கணும். மோட்டார் சைக்கிள் பெட்டரியக் கழட்டுங்க."

எஞ்சினை நிறுத்தியபடியே வைத்துக்கொண்டு பின்மூடியைக் கழற்றவும், உள்ளே சுழலும் பகுதிக்குப் போகும் இரண்டு வயரையும் பிரித்து, பெட்டரியில் ஒரு கணம் தொட்டு எடுக்கவும் வகுப்பு நடத்துவதுபோல் சொல்லித் தந்தார். பிறகு சற்றுத் தயங்கினார்.

"உங்களுக்கு வேற ஏதும் சொல்ல இரிக்கா?"

"கறுப்பு வயர் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"மைனஸ் பக்கம்" என்றார்.

"புள்ள..." என்று தொடங்கினேன். போன் கறுத்துப்போனது.

அவர் சொன்னபடியே செய்து, வயர்களைப் பழையபடி மாட்டினேன். இந்தமுறை கயிற்றை இழுத்ததும் பல்ப் எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கைதட்டிவிட்டு, தன் வீட்டுப் போன்களையெல்லாம் சார்ஜ் போடக் கொண்டுவந்தார். என் போனும் உயிர்த்தது. ஆனால் சிக்னல் இல்லை. போன் கோபுரத்துக்கும் ஒரு ஜெனரேட்டர் உண்டாம். வெள்ளத்தைத் தாண்டி டீசல் கொண்டுபோக ஆளில்லையாம். தெருவிலேயே வெளிச்சமான வீட்டைச் சுற்றி, போனை உயர்த்திப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தேன்.

வெள்ளம் வடிந்த பிறகுதான் சிக்னல் வந்தது. அழைத்தேன்.

"கையெழுத்து வெச்சிட்டன்" என்றார் மனைவி. "விடியும் வரைக்கும் கோல் எடுத்துப் பார்த்தன், கிடைக்கல்ல."

"வந்திரு எண்டு சொல்லத்தான் இரிந்தன்."

"கேட்டன்தானே. கறுப்பு வயரத்தானே விசாரிச்சீங்க."

படித்த நாலு புத்தகத்தையும் மனதுக்குள் புரட்டினேன். பிறகு, மிக மெதுவாக, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. இப்போது அவர் அழைத்தால் மழையும் மீன் விலையும் பிறகுதான். "வந்திரு" என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உடனே வர முடியாதவருக்கும் அது தினமும் கேட்க வேண்டிய சொல் என்பது, இத்தனை வருடம் குடும்பம் நடத்திய பிறகுதான் எனக்கு விளங்கியிருக்கிறது.