கொள்ளைக்காரனுக்கு எந்த ஊர்?

பல வருடங்களாக எங்கள் வீட்டு மேஜையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் சீட்டாட்டம்தான். நான், சோமனூரிலிருந்து வரும் ஒரு நூல் வியாபாரி, பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற பாங்க் அதிகாரி, ஆக மூன்று பேர். என் மனைவி மூன்று தம்ளர் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சீட்டு அவளுக்குப் பிடிக்காது. அவளுக்கென்று நான்காவது நாற்காலி போட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பம்ப் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவிலிருந்து நான் ஓய்வு பெற்ற புதிதில், அவள் தம்பி வெளிநாட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே மூன்று விதிப்புத்தகங்கள், நான்கு முகத்திலிருந்து இருபது முகம் வரை ஆறு வகைப் பகடைகள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போய், தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். மச்சினன் கதை நடத்தினான். எங்கள் மூவரோடு என் மனைவியும் வில்லாளியாகச் சேர்ந்தாள். குறி தப்பினாலும் சிரித்தாள், பட்டாலும் சிரித்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

லீவு முடிந்து மச்சினன் கிளம்பினான். "மாமா, பெட்டி இங்கயே இருக்கட்டும். இனி நீங்கதான் கதை நடத்தோணும்" என்றான்.

நூல் வியாபாரிக்குச் சீட்டு ஞாபகம் போகவில்லை. "ஒரு வாரம் பாக்கலாமுங்க. ஒத்து வரலைன்னா பழையபடி சீட்டே போட்டுக்கலாம்" என்றார். தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை ஒரு நொடி நின்றது. நான் சொதப்பினால் அவள் மறுபடி சமையலறைக்குப் போக வேண்டியதுதான் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே வேலை. பதினோரு கதைகள் யோசித்து, பதினொன்றையும் நானே தள்ளினேன். மலைக்கோட்டையில் புதையல் என்றால், அதை அதுவரை யாரும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். ராஜகுமாரியைக் காப்பாற்றுவது என்றால், அவளுடைய அப்பன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்பார்கள். விதிப்புத்தகத்தில் நெருப்புக் கக்கும் ராட்சதப் பல்லி ஒன்று இருந்தது. மச்சினன் அதைக் கதைக்குள் கொண்டுவந்தபோதே நூல் வியாபாரி, "இதுக்குத் தீனி யாருங்க போடறது?" என்று கேட்டு, அதன் பயத்தையே போக்கிவிட்டார்.

கதை கிடைத்தது உக்கடம் பஸ் ஸ்டாண்டில். பாலக்காட்டு பஸ்ஸின் கூரையில் ஒரு ஆள் மூட்டைகளை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். பஸ் வருவதற்கு முன்னும் இதே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தானே சரக்குப் போயிருக்கும்? மாட்டு முதுகில் பொதி ஏற்றிப் போயிருப்பார்கள். அதை வழிமறிக்க ஆள் இருந்திருப்பான். வேறென்ன வேண்டும்? போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

தயாரிப்பில் நான் குறை வைக்கிறவன் அல்ல. அவர்கள் மூவரும் காவலுக்குப் போகும் இருபத்திரண்டு பொதிமாடுகள். பதினான்கு கொள்ளைக்காரர்கள். ஒவ்வொருவனுக்கும் எவ்வளவு பலம், எத்தனை அம்பு, எந்தப் பாறைக்குப் பின்னால் நிற்கிறான் என்பதுவரை தீர்மானித்துவிட்டேன். மூன்று மணி நேரத்துக்குச் சண்டை நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கணவாயை வர்ணித்தேன். காற்றை வர்ணித்தேன். தலைவன் கத்தியோடு பாதையின் நடுவில் வந்து நின்றான். "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

நூல் வியாபாரி கொள்ளைக்காரனைப் பார்த்துக் கும்பிட்டார். "வணக்கமுங்க. நமக்கு எந்த ஊருங்க?"

கத்தியின் நீளம் என்னிடம் இருந்தது, ஊர் இல்லை. பவானிப் பக்கம் என்று சமாளித்தேன்.

"பவானிப் பக்கமுங்களா? எந்தக் கூட்டமுங்க?"

எங்கள் விவசாயக் குடும்பங்களில் இது வழக்கம். கூட்டம் என்பது குலப்பிரிவு; ஒரே கூட்டம் என்றால் பங்காளி, வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். அது தெரியாமல் பேச்சு மேலே நகராது. நான் யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வந்தது என் கூட்டம். நூல் வியாபாரியின் கூட்டமும் அதுவேதான்.

அவர் வாளை உறையில் போட்டுவிட்டார். "பங்காளியாப் போயிட்டாரே! எப்படிங்க வெட்டறது?"

"பங்காளி உங்களுக்குத்தானுங்க" என்றார் பாங்க் அதிகாரி. அவர் கத்தோலிக்கர். "எனக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. நகருங்க, நான் வெட்டிப்போடறேன்."

"என்ற பங்காளிய என்ற முன்னாடியே வெட்டுவீங்களா?"

"அப்ப கண்ண மூடிக்கங்க."

மீதிப் பதின்மூன்று பேரும் பாறைகளுக்குப் பின்னால் சும்மா நின்றார்கள். என் மூன்று மணி நேரம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது போலிருந்தது. நூல் வியாபாரி நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தார்.

"சித்தே இருங்க" என்றாள் என் மனைவி. "பங்காளின்னா சண்டை இல்லாமயா இருக்கும்? நான் வாக்கப்பட்ட ஊட்டுல பாக்காத சண்டையா?" இது எனக்கு. பிறகு கொள்ளைக்காரனிடம், "ஏனுங்க, காடு தோட்டமெல்லாம் உட்டுப்போட்டு இங்க எதுக்கு வந்து நிக்கறீங்க?"

அப்போதுதான் எனக்குப் பிடி கிடைத்தது. பொதுக் கிணற்றில் அவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் முறை என்றேன். அப்பா செத்ததும் அண்ணன் அதை அமுக்கிவிட்டான். மஞ்சள் பயிர் காய்ந்தது, இவன் கத்தியை எடுத்தான். சொல்லச் சொல்ல அடுத்தது தானாக வந்தது. கதைக்கு அரண்மனையும் ராட்சதனும் தேவையே இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காதைக் கொடுத்தால் போதும். இதை நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

"முறைத் தண்ணிய நாங்க வாங்கித் தாரோம். வழிய உடுங்க" என்றாள். இருபது முகப் பகடையை உருட்டினாள். நான்கு விழுந்தது. போதாது.

பகடை சொன்னதை மாற்றுவது எனக்கு ஆகாது. கொள்ளைக்காரன் மீசையைத் தடவி, "பொம்பளைங்ககிட்ட நான் நாயம் பேசறதில்லைங்க" என்றான்.

என் மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்படிங்களா? சந்தோசமுங்க. அப்ப உங்க சம்சாரத்த வரச் சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறோம். நீங்க அக்கட்டாலப் போயி மாட்டப் புடிச்சுட்டு நில்லுங்க."

பாங்க் அதிகாரி மேஜையைத் தட்டினார். "சிஸ்டர், கத்திய நானும் உள்ள வச்சுட்டேன். நீங்க பேசுங்க." எனக்கு ஒரு கொள்ளைக்காரியை அந்த நிமிடமே பெற்றெடுக்க வேண்டியதாயிற்று. பெற்றெடுத்தேன். நல்ல வாய்க்காரி.

நான்கு மணி ஆனது. டீ நேரம். வழக்கம்போல் என் மனைவி எழப் போனாள். நூல் வியாபாரி, "நங்கை, நீங்க எந்திரிக்காதீங்க, பேச்சு அந்துபோகும்" என்றார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். அவரே பிளாஸ்கை எடுத்துக்கொண்டு முக்கு பேக்கரிக்குப் போனார். நான்கு டீயும் நான்கு தேங்காய் பன்னும் வந்தன.

அன்றைக்கு ஒரு அம்புகூடப் பறக்கவில்லை. இருபத்திரண்டு மாடுகளும் கணவாயைக் கடந்தன. நண்பர்கள் கிளம்பும்போது, கிணற்றுக்கார அண்ணனை அடுத்த வாரம் யார் போய்ப் பார்ப்பது என்று வாசலில் நின்று தகராறு செய்தார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தால், அவள் இன்னும் மேஜையில்தான் இருந்தாள்.

"அந்தக் கொள்ளைக்கார அம்மணிக்குப் பொறந்த ஊரு எதுங்க?"

"இன்னும் யோசிக்கல. இப்பச் சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க" என்றாள். "நானே அவகிட்டக் கேட்டுக்கறேன்."