இரண்டு இடது போர்டுகள்

கிள்ளானில் ஒரு தூண்டில் சாமான் கடையில் இருபத்தாறு வருஷம் கவுண்டரில் நின்றிருக்கிறேன். இன்னும் நிற்கிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ரீல், எத்தனையோ கோல் விற்றாயிற்று. ஆனால் கண்ணை மூடினால் ஒரு ஜோடி பிளானர் போர்டுதான் வந்து நிற்கிறது. நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் ஒருவர் ரீல் பார்க்க வந்தார். நான் எழுந்து நின்றேன். "நீ உக்காரும்மா, தவுக்கே வரட்டும்லா" என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார். முதலாளி வந்து காட்டிய ரீல், நான் கையில் எடுத்து வைத்திருந்த அதே ரீல்!

அன்றைக்கு வந்த ரோஷம்தான். தூண்டில் முள் நம்பர், கயிற்றின் பலம், எந்த மீனுக்கு எந்த உம்பான் இரை மாட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். சில வருஷத்தில் "கலா அக்காவைக் கேளு" என்று ஆட்களே சொல்ல ஆரம்பித்தார்கள். அது தலைக்கு ஏறிவிட்டது. 'தெரியாது' என்ற சொல்லே என் வாயில் வருவதில்லை. படகில் ஏறினால் பத்தாவது நிமிஷம் வாந்தி எடுப்பவள் நான் என்பது யாருக்கும் தெரியாது.

2. போர்டு

சேவியர் அங்கிள் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். சின்ன ஃபைபர் படகு ஒன்றைக் கிள்ளான் பக்கம் ஒரு படகு ஜெட்டியில் கட்டி வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில் ஒரு வீடியோவைக் காட்டிக்கொண்டே வந்தார்.

"கலா, இந்தப் பலகை உங்கிட்ட இருக்கா? உசிரு செலார் மீன மாட்டி மெதுவா இழுக்கணும். படகு சத்தத்துக்குத் தெங்கிரி மீன் கிட்டவே வர மாட்டேங்குது."

பிளானர் போர்டு என்பது ஓரடி நீளப் பலகை. கயிற்றில் கிளிப்பால் மாட்டித் தண்ணீரில் விட்டால், படகு போகப் போகப் பக்கவாட்டில் விலகி ஓடும். கயிறும் உம்பானும் அதோடு தூரமாகப் போய்விடும். முன்பக்கம் சரிவாக வெட்டியிருக்கும். அந்தச் சரிவை வைத்துத்தான் இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று ஜோடியாக வரும்.

கடையில் இரண்டு இருந்தன. இரண்டுமே இடது. வலதுபக்கத்து இரண்டையும் முந்தின வாரம்தான் ஒருவருக்குத் தனியாக விற்றிருந்தேன்.

"வலது பக்கத்துக்கு இத மாட்டலாமா?" என்று அங்கிள் கேட்டார்.

ஏதோ ஒரு மாடலைத் திருப்பிப் போடலாம் என்று யாரோ சொல்லி எப்போதோ கேட்ட ஞாபகம். "தலைகீழா திருப்பிப் போட்டா வலது ஆயிடும் அங்கிள். ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூடக் காட்டவில்லை.

அவர் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு மகளும் வர்றா. அப்பாக்கு வயசாயிடுச்சு, படக வித்துடுங்கன்னு ஒரு வருஷமா ஒரே பாட்டு. ஒரு நாள் கூட வந்து பாரு, அப்புறம் சொல்லுன்னேன். நாளைக்கு மட்டும் ஒழுங்கா நடந்துச்சுன்னா அவ வாயே திறக்க மாட்டா."

இதைக் கேட்ட பிறகாவது ஒரு போன் போட்டு யாரிடமாவது விசாரித்திருக்கலாம். பையில் போட்டுக் கொடுத்தேன்.

3. செவ்வாய்க்கிழமை

நாலு நாள் கழித்து அதே பையோடு வந்தார். முதலாளியும் கவுண்டரில் இருந்தார்.

"வலது பக்கத்துப் போர்டு நிக்கவே இல்ல கலா. உருண்டு நிமிர்ந்துச்சு, நேரா படகுக்குப் பின்னால குறுக்க ஓடி இடது கயித்தோட சிக்கிக்கிச்சு. அவிழ்க்கலாம்னு வேகத்தக் குறைச்சேன், கயிறு தொய்ஞ்சு புரொப்பெல்லர்ல சுத்திக்கிச்சு. இஞ்சின் அவுட். பெரிய கப்பல் போற பாதை வேற. மக அழுதுட்டா. இன்னொரு படகு வந்துதான் இழுத்துட்டுப் போனாங்க."

பேசும்போதே அவர் சொல்வது எனக்குப் புரிந்துவிட்டது. பைக்குள் இருந்த போர்டைப் பார்த்தேன். அடி விளிம்பில் ஈயக் கட்டி. பலகையை நிமிர்த்தி வைப்பதே அந்தக் கட்டிதான். தலைகீழாகப் போட்டால் பாரம் மேலே வந்துவிடும், போர்டு உருண்டு மறுபடி இடதாகிவிடும். குழந்தைக்குக்கூடத் தெரியும். எட்டு மாதமாக அலமாரியில் கிடந்த சாமானை நான் ஒரு தடவை உற்றுப் பார்த்ததில்லை.

"நீ சொன்னத நான்தான் சரியா கேக்கல போல" என்றார். "தல சரியில்ல. கண்ணும் முன்ன மாதிரி இல்ல. மக சொல்றது சரிதான். படக விக்க ஆள் சொல்லிட்டேன்."

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: "பரவால்ல அங்கிள், முதல் தடவ எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும்."

இதைவிடக் கேவலமான ஒரு வார்த்தையை நான் வாழ்க்கையில் பேசியதில்லை.

4. பிரிக்ஃபீல்ட்ஸ்

இரண்டு மாதம் இழுத்தடித்தேன். அதற்குள் கடலுக்குப் போகும் ஆட்களிடம் போர்டு பற்றி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உம்பான் பெரிதானால் போர்டும் பெரிதாக வேண்டும்; சின்னதை உம்பான் மீனே இழுத்து முக்கிவிடும். உயிர் மீனுக்கு நடை வேகம் போதும், கூடினால் செத்துவிடும். உம்பான் துள்ளினால் கிளிப் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பெரிய மீன் அடித்தால் விட வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகும் தூக்கம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். கதவைத் திறந்தது மகள் ஷெரின். அங்கிள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்: "தப்பு உங்க மேல இல்ல அங்கிள். நான் தெரியாம சொன்னேன். அந்தப் போர்ட அப்படிப் போடவே முடியாது. நீங்க நான் சொன்ன மாதிரியேதான் செஞ்சிருக்கீங்க."

டிவியை அணைத்தார். "ஷெரின், இங்க வா. இன்னொரு தடவ சொல்லு கலா, அவளும் கேக்கட்டும்."

இன்னொரு தடவை சொன்னேன்.

"அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?" என்றாள் ஷெரின். "படகு பந்திங்ல ஒருத்தர்ட்ட போயிடுச்சு. அப்பா காடிகூட ஓட்டுறதில்ல. எனக்கு மூளை குழம்புது, யாரையாச்சும் இடிச்சுடுவேன்னு சாவிய எங்கிட்ட குடுத்துட்டாரு."

'தெரியாது' என்று சொல்ல ஒரு பொம்பளைக்கு எவ்வளவு பயம் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். உண்மைதான். ஆனாலும் அது இங்கே செல்லாது.

அங்கிள் எழுந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாவிய குடும்மா" என்றார் மகளிடம். "கலாவ ஸ்டேஷன்ல விட்டுட்டு வரேன்."

ஷெரின் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள்.

அங்கிளே ஓட்டினார். ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு லோரிகளுக்கு நடுவே இருந்த இடத்தில் பின்னால் எடுத்து, ஒரே தடவையில் காரை நிறுத்தினார். கதவைத் திறந்து கீழே பார்க்கிங் கோட்டைப் பார்த்தார்.

"நேரா இருக்கா?"

"நேரா இருக்கு அங்கிள்."

தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அவர் கடைக்கு வரவே இல்லை.

இப்போது கடையில் எனக்குத் தெரியாததை யாராவது கேட்டால், "தெரியலண்ணே, கேட்டுச் சொல்றேன்" என்கிறேன். யாரும் என்னைக் குறைவாக நினைப்பதில்லை. சிலர் சிரித்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். இவ்வளவு சுலபமான வார்த்தையை நான் கற்றுக்கொள்ள, அவருடைய படகு போக வேண்டியிருந்தது.